குடும்பத்தோட கிராமத்துக்கு மாறலாம்னு இருக்கோம்: தென்காசியா, கோபியா, கம்பம் பக்கமா?

மடிப்பாக்கம்_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குற விஷயம், இங்க அனுபவப்பட்டவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தான் கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வீட்டுல அஞ்சு பேர். எனக்கு 41, சாஃப்ட்வேர் வேலை, வீட்டுல இருந்தே பாக்கலாம், மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு நாள் சென்னை ஆபீஸ் வந்தா போதும்னு எழுத்துலயே கொடுத்துட்டாங்க. மனைவி பி.எட் முடிச்சுட்டு ஒரு தனியார் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். பொண்ணு தனியார் ஸ்கூல்ல ஏழாவது, பையன் ரெண்டாவது. அம்மாவுக்கு 68, சுகர் பிரஷர் ரெண்டும் உண்டு.

மடிப்பாக்கத்துல கிரவுண்ட் ஃப்ளோர் வாடகை வீடு, பன்னெண்டு வருஷமா அதே வீடு தான். 2015லயும் தண்ணி உள்ள வந்துச்சு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்பவும் வந்துச்சு. பொண்ணோட ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் ஹால் சுவத்துல நிக்க வச்சு பென்சில்ல உயரம் குறிச்சு வச்சிருக்கோம், இப்ப அதே சுவத்துல தண்ணி நின்ன பழுப்புக் கோடும் இருக்கு, அவளோட ரெண்டு வயசு கோட்டுக்கு மேல. ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சும் போகல. நவம்பர் பொறந்தாலே அம்மா துணியெல்லாம் எடுத்து பரண்ல வைக்க ஆரம்பிச்சுடுறாங்க. அதை பாக்கும்போது தான் இனி இங்க வேண்டாம்னு தோணுது.

எங்களுக்கு சொந்த ஊர்னு இப்ப எதுவும் இல்ல. அப்பாவுக்கு வந்தவாசி பக்கம் கொஞ்சம் நிலம் இருந்துச்சு, நான் ஸ்கூல் படிக்கும்போதே வித்துட்டாங்க. அதனால எந்த ஊர்னாலும் நாங்க வெளியாளு தான். விவசாயம் பண்ணி சம்பாதிக்குற எண்ணம் கிடையாது, ஒரு வீடு, சுத்தி அரை ஏக்கர், நாலு தென்னை, பசங்க ஓடி விளையாட இடம், நல்ல தண்ணி, அவ்ளோ தான். கையில 35 லட்சம் வரைக்கும் இருக்கு. போன வருஷம் டூர் மாதிரி போய் பாத்ததுல மூணு இடம் மனசுல நிக்குது: தென்காசி சுத்தி, கோபிசெட்டிபாளையம் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கு. மூணுமே பச்சைப் பசேல்னு இருக்கு. எப்படி முடிவு பண்றது? இந்த ஜூன்ல ஸ்கூல் திறக்குறதுக்குள்ள மாறிடணும்னு பாக்குறேன். ஒரு தரகர் தென்காசி பக்கம் ஒரு இடம் காட்டி சீக்கிரம் அட்வான்ஸ் போடுங்கன்னு அவசரப்படுத்துறார்.


சமையலறை_ஜன்னல்:

சகோ, முழுசா ரெண்டு தடவை படிச்சேன். நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு இருக்கு, அம்மா பயம் இருக்கு, உங்க மனைவி என்ன சொல்றாங்கன்னு ஒரு வரி கூட இல்லையே? நான் பொள்ளாச்சி பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல பேங்க்ல வேலை பாத்தேன். அவருக்கு வேலை லேப்டாப்போட கூடவே வந்துடுச்சு, என் வேலை வரல. முதல் ரெண்டு வருஷம் காலைல எட்டரைக்கு பசங்க வேன் ஏறிப் போனதும் சாயங்காலம் வரைக்கும் பேச ஆள் இல்லாம ஜன்னலப் பாத்துட்டு நின்னிருக்கேன். அப்புறம் பக்கத்து வீட்டுப் பசங்க நாலு பேருக்கு டியூஷன் எடுக்க ஆரம்பிச்சு, இப்ப இருபத்தாறு பேர் வராங்க, அதுக்கப்புறம் தான் இது என் ஊர் ஆச்சு. அவங்க கணக்கு டீச்சர்னு சொல்றீங்க, எந்த ஊர்ல அவங்களுக்கு வேலை கிடைக்கும்னு பாத்துட்டு அதுல இருந்து ஆரம்பிங்க. இடம் தேடுறது அப்புறம்.


மடிப்பாக்கம்_அப்பா:

நீங்க சொன்னது உறைச்சுது சகோதரி. நேத்து ராத்திரி உக்காந்து பேசினேன். அவ ஒண்ணே ஒண்ணு தான் கேட்டா, "நான் அங்க யாருக்கு பாடம் எடுப்பேன்?" நான் இதுவரைக்கும் அதை யோசிக்கவே இல்லைங்கிறது உண்மை. வேலை கிடைக்குற ஊரா இருக்கணும், அதையும் கணக்குல சேத்துக்குறேன்.


வாய்க்கா_கரை:

வணக்கமுங்க. நானு கோபி பக்கம் தானுங்க, அப்பன் காலத்துல இருந்து விவசாயம். எங்கூர பச்சையா இருக்குதுன்னு சொன்னதுக்கு சந்தோஷமுங்க, ஆனா அந்தப் பச்சை எந்தத் தண்ணீல வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு தான் இடம் வாங்கோணும்.

இங்க ரெண்டு கணக்கு இருக்குதுங்க. கொடிவேரி அணைக்கட்டுல இருந்து பிரியுற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கா, இது பழைய ஆயக்கட்டு, அதாவது பாசன நெலம், 24,504 ஏக்கரா, ரெண்டு போகம் நெல்லு. இன்னொண்ணு பவானிசாகர் அணையில இருந்து வர்ற கீழ்பவானி வாய்க்கா, 200 கிலோமீட்டர் நீளம், ஈரோடு, திருப்பூர், கரூர் மூணு மாவட்டத்துக்கும் சேத்து 2,07,000 ஏக்கரா. இதுல ஒரு வருசம் ஒற்றைப்படை மதகுக்கு நஞ்சைத் தண்ணி வந்தா அடுத்த வருசம் இரட்டைப்படைக்கு. நீங்க ஆவணி, புரட்டாசில வந்து பாத்துப்போட்டு அடடான்னு வாங்கிருவீங்க, அடுத்த வருசம் அதே நெலம் காஞ்சு கெடக்கும். எத்தனாவது மதகு, எந்தப் பக்கம், கடைமடையா தலைமடையான்னு கேளுங்க. தரகருக்குத் தெரியாது, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட கேட்டா கையில காட்டுவாரு.

இன்னொண்ணு, வாய்க்காலுக்கு கீழ்ப்பக்கம் இருக்குற கிணத்துக்கெல்லாம் கசிவு தண்ணி தானுங்க உசுரு. வாய்க்காலுக்கு கான்கிரீட் போடக்கூடாதுன்னு நாங்க வருசக்கணக்கா போராடினது அதுக்குத்தான். மேல்பக்கம் வாங்கினீங்கன்னா போர் தான் கதி, ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வந்த நெலம் எத்தனையோ இருக்குது. நொய்யல் ஆத்தங்கரைப் பக்கம் விலை கம்மின்னு யாராச்சும் இழுத்தா போயிராதீங்க. சாயத் தண்ணீல ஒரத்துப்பாளையம் டேம் கெட்டு, 2011ல ஹைகோர்ட்டே திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொன்ன சங்கதி எல்லாத்துக்கும் தெரியும், அந்த மண்ணு இன்னும் தேறல.

தோட்டத்துல தனியா வீடு கட்டோணும்னு ஆசைப்படறீங்க போல. எங்க பக்கம் எல்லாருமே தோட்டத்துச் சாளைல தான் குடியிருந்தோம், ஒரு கூப்பிடு தூரத்துல பங்காளி இருப்பாரு. இப்ப பிள்ளைங்க எல்லாம் வெளியூர் போயி வயசானவங்க மட்டும் இருக்குறாங்க, பல்லடம், சிவகிரி பக்கம் தனியா இருந்த பெரியவங்கள நகைக்காக கொன்ன சம்பவம் எல்லாம் நடந்துச்சுங்க, சொல்லவே மனசு வலிக்குது. வேலைக்கு நீங்க சென்னை போற ரெண்டு ராத்திரி வீட்டுல அம்மாவும் சம்சாரமும் ரெண்டு குழந்தைங்களும் தனியா இருப்பாங்க, அத நெனச்சுப் பாருங்க. ஊருக்குள்ள வீடு, ஊருக்கு வெளிய நெலம், இதுதானுங்க நாஞ் சொல்ற யோசனை.

ரயில் கோபிக்கு கிடையாதுங்க, ஈரோடு போகோணும், பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. வெலையும் சொல்லிப்போடறேன், வாய்க்கா பாசனத்துல அரை ஏக்கரா வாங்கி வீடும் கட்டறதுக்கு உங்க 35 லட்சம் பத்தாதுங்க. வாடகைக்குன்னா தாராளமா வாங்க. டீச்சர் வேலைக்கு இங்க தனியார் ஸ்கூல் நெறைய இருக்குது.


திரும்பி_வந்தவன்:

நான் கம்பம் பக்கம் போயிட்டு ஒன்றரை வருஷத்துல மதுரைக்கே திரும்பி வந்தவன். ஊரைக் குறை சொல்ல வரல, அந்த ஊர் மாதிரி தண்ணியும் காத்தும் எனக்கு இனி கிடைக்காது. முல்லைப் பெரியாறு தண்ணி 1895ல இருந்து ஓடிட்டு இருக்கு, வீட்டு வாசல்ல இருந்து பாத்தா ஒரு பக்கம் நெல்லு, ஒரு பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல், பின்னாடி மலை. நான் பண்ணின தப்பு என்னன்னா அதைப் பாத்த அன்னைக்கே மனசை கொடுத்துட்டேன்.

60 சென்ட் வாங்கினேன். பட்டா இருக்கு, வில்லங்கம் முப்பது வருஷத்துக்கு போட்டுப் பாத்தேன், எல்லாம் சுத்தம். ஆனா அது கூட்டுப் பட்டா, அண்ணன் தம்பி நாலு பேர் பேரு, உட்பிரிவு பண்ணல. நாலுல ஒருத்தர் கேரளாவுல எஸ்டேட்ல இருந்தார், கையெழுத்து வாங்கவே எட்டு மாசம். அதுக்கப்புறம் தான் பாதை பிரச்சினை வெடிச்சுது, என் நிலத்துக்குப் போற வண்டிப்பாதை பக்கத்துக்காரர் பட்டாவுக்குள்ள வருது, இத்தனை நாள் பழக்கத்துல விட்டுட்டு இருந்திருக்காங்க, வெளியாள் வாங்கினதும் கல்லு நட்டுட்டார். அவர் மேலயும் முழுத் தப்பு சொல்ல முடியாது, அவர் நிலம் அது. வாங்குறதுக்கு முன்னாடி எஃப்எம்பி ஸ்கெட்சை, அதாவது சர்வே அளவுப் படத்தை, கையில வச்சுக்கிட்டு சர்வேயரோட நடந்து பாருங்க, பாதை அந்தப் படத்துல இருக்கா, கண்ணுக்கு மட்டும் தான் இருக்கான்னு. ஏ-ரெஜிஸ்டர்ங்கிற கிராம நிலப் பதிவேட்டுல அந்த சர்வே நம்பர் கோயில் நிலமா, பஞ்சமி நிலமா, பூமிதான நிலமா, ஓடைப் புறம்போக்கான்னு பாருங்க. மலை அடிவாரம்னா வீடு கட்ட தனியா அனுமதி வேணும், சில கிராமங்கள் மலைப்பகுதி பாதுகாப்புப் பட்டியல்ல வருது, அதையும் கேட்டுக்கோங்க.

ஆனா நான் திரும்பி வந்தது நிலத்தால இல்ல, அப்பாவால. ஒரு நாள் விடியக்காலை நாலே காலுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், டம்ளர் வலது கையில நிக்காம சாஞ்சுட்டே போகுது, டீ வேட்டில கொட்டுது, அவரு அதைப் பாத்துட்டே இருக்காரே தவிர கையை எடுக்கல. 108க்கு போன் பண்ணி, வண்டி வர முப்பத்தஞ்சு நிமிஷம், அங்க இருந்து தேனி தாண்டி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல. பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போடணும்னு சொல்றாங்க, அதுக்குள்ள போய்ட்டோம், உயிருக்கு ஒண்ணும் இல்ல, கை மட்டும் இன்னும் முழுசா வரல. வண்டில போகும்போது வழியெல்லாம் நான் பாத்தது கிலோமீட்டர் கல்லை மட்டும் தான். உங்க அம்மாவுக்கு சுகர் பிரஷர் ரெண்டும்னு படிச்சதும் இதை எழுதணும்னு தோணுச்சு. வீடு பாக்குற அன்னைக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வாசல்ல இருந்து ஸ்கேன் வசதி இருக்குற ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்க. பகல்ல ஓட்டிப் பாத்து பிரயோஜனம் இல்ல, பகல்ல பஸ் இருக்கும், ஆள் இருக்கும்.


சாரல்_வீடு:

அண்ணாச்சி வணக்கம். நான் தென்காசி பொண்ணு, கல்யாணம் முடிஞ்சு பதினாலு வருஷம் சென்னைல இருந்துட்டு 2021ல மறுபடி இங்கயே வந்துட்டோம், அதனால ரெண்டு பக்கமும் தெரியும். விவரமா சொல்லுதேன்.

நீங்க எந்த மாசம் வந்து பாத்திய? டூர்னு சொன்னதால டிசம்பர் லீவா இருக்கும், இல்லன்னா தை மாசம். அப்ப இந்த ஊர் சொர்க்கம் தான். நாங்களும் தை மாசம் தான் வீடு பாத்தோம், மலைய ஒட்டி, மேற்க பாத்த வாசல், மாடில நின்னா குற்றாலம் மலை முழுசா தெரியும், வாடகையும் கம்மி. ஆனி மாசம் சாரல் ஆரம்பிச்சுது. ஆரியங்காவு கணவாய் வழியா காத்து நேரா எங்க வாசலுக்குத் தான் வருது, கதவைத் திறந்தா மூட முடியாது. துணி மூணு நாள் ஆனாலும் காயாது, பிள்ளைய யூனிஃபார்ம காலைல அயர்ன் பாக்ஸ வச்சு தேச்சுத் தேச்சே ஈரத்த எடுப்பேன், ஆவி பறக்கும். உப்பு ஜாடில உப்பு தண்ணியா நிக்கும், தோல் செருப்புல பூசணம் பூத்துரும். காத்துல கம்பி அறுந்தா கரண்டும் போகும், நெட்டும் போகும். எங்க வீட்டுக்காரரும் உங்கள மாதிரி கம்ப்யூட்டர் வேலை தான், மலை மறைக்கதால போன் சிக்னலும் சரியா இல்லாம, மீட்டிங் இருக்க அன்னைக்கு லேப்டாப்ப எடுத்துக்கிட்டு தென்காசி பஜார்ல சொந்தக்காரங்க கடைக்குப் போயி உக்காந்திருக்காரு. ரெண்டு சீசன் தாக்குப்பிடிச்சோம், அதுக்கப்புறம் பத்து கிலோமீட்டர் கிழக்க தள்ளி வந்துட்டோம். இங்க சாரலோட குளிர்ச்சி உண்டு, நசநசப்பு அவ்வளவு கிடையாது. அதே மாவட்டம், அதே காத்து, பத்து கிலோமீட்டர்ல வாழ்க்கையே வேற.

அதனால நான் சொல்லுதது, எந்த ஊரா இருந்தாலும் அந்த ஊரோட மோசமான மாசத்துல போயி பத்து நாள் தங்குங்க. தென்காசிக்கு ஆனி ஆடி. கோபிக்கு சித்திரை கடைசி, வாய்க்கா தண்ணி நின்ன பிறகு. நல்ல மாசத்துல எல்லா ஊரும் நல்ல ஊரு தான்.

வெள்ளத்துக்குப் பயந்து வாரதா சொன்னிய. உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்த அதே டிசம்பர்ல 17, 18ஆம் தேதி எங்க தென் மாவட்டம் பூராவும் மிதந்துச்சு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையில எத்தனை வீடு போச்சு, எத்தனை குளம் உடைஞ்சுது. இங்க ஊருக்கு ஊரு குளம் உண்டு, குளம் பெருகினா மிச்சத் தண்ணி மறுகாலா வெளிய பாயும், அந்தத் தண்ணி போற வழில தான் இப்ப நிறைய பிளாட் போட்டு விக்காங்க, பல வருஷம் காஞ்சு கெடந்ததால பாக்க நல்ல மேட்டு நிலம் மாதிரி தெரியும். உங்க தரகர் காட்டுன இடம் எந்தக் குளத்துக்கு கீழ இருக்கு, அந்தக் குளத்தோட மறுகால் எங்க போகுதுன்னு, ஆடு மேய்க்க பெரியவர் யாருட்டயாவது கேளுங்க. அவசரப்படுத்துத ஆளுட்ட அட்வான்ஸ் கொடுக்காதீங்க, உங்க காலப் புடிச்சுக் கேக்கேன்.

மத்தபடி வசதிக்கு குறை இல்ல. 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆன பிறகு ஆபீஸ் எல்லாம் பக்கத்துலயே வந்துட்டு. மத்தளம்பாறைல 2011ல ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி வந்த பிறகு உங்கள மாதிரி ஆளுக நிறைய இருக்காங்க, அதனால வாடகையும் ஏறிட்டு. மாசம் ஒரு தடவை சென்னைக்கு பொதிகை எக்ஸ்பிரஸ்ல சாயங்காலம் ஏறினா காலைல எழும்பூர், டிக்கெட்ட மட்டும் முன்கூட்டியே போட்டுக்கிடுங்க. அம்மாவுக்கு மாத்திரை, சாதாரண டெஸ்ட் எல்லாம் தென்காசி ஜிஹெச்லயே பாக்கலாம், பெரிசுன்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி தான், ஒன்றரை மணி நேரம் வச்சுக்கிடுங்க. புளியரை வழியா கேரளாவுக்கு கனரக லாரி ஓயாம ஓடும், அந்த ரோட்ட ஒட்டி வீடு வேண்டாம். வடகரை, மேக்கரை பக்கம் மலையடிவாரத்துல தோப்பு சல்லிசா வருதுன்னா யானையும் கூட வருதுன்னு அர்த்தம், ஒரே ராத்திரில வாழை பூராவும் சாச்சுட்டுப் போயிரும். காட்டுப்பன்னி எல்லா இடத்துலயும் உண்டு.

இன்னொண்ணும் சொல்லணும், யாரும் எழுதல. வீடு கேட்டுப் போனா முதல்ல ஊரு கேப்பாங்க, அப்புறம் அப்பா பேரு, அப்புறம் சுத்திச் சுத்தி நீங்க என்ன ஆளுகன்னு வந்து நிப்பாங்க. சென்னைல பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட உங்க பிள்ளை காதுல விழாத கேள்வி இங்க முதல் வாரத்துலயே விழும். எங்க மகள் அழுதுக்கிட்டே வந்து "அம்மா நம்ம யாரு"ன்னு கேட்டா. அவளுக்கு என்ன பதில் சொல்லணும்னு நீங்களும் அவங்க அம்மாவும் வாரதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கிடுங்க. இந்த ஊர நான் உயிரா நேசிக்கேன், அதனாலயே இத மறைக்க மாட்டேன்.


ஓய்வு_வாத்தியார்:

தம்பி, 34 வருஷம் அரசுப் பள்ளியில வேலை பாத்தவன், விருதுநகர் மாவட்டம். படிப்பு விஷயம் மட்டும் சொல்றேன்.

உங்க பொண்ணு எட்டாவது போற நேரம், மாத்துறதா இருந்தா இதுதான் சரியான வருஷம். ஒன்பதாவது தாண்டினா பத்தாவது முடியுற வரைக்கும் கை வைக்காதீங்க. சென்னைல சிபிஎஸ்இ படிச்சா இங்க சமச்சீருக்கு வரும்போது தமிழ்ல கொஞ்சம் திணறும், இந்த லீவுல இருந்தே வாசிக்க வைங்க. டிசி வாங்கும்போது இஎம்ஐஎஸ் நம்பரையும் (கல்வித்துறை கம்ப்யூட்டர்ல பிள்ளைக்கு இருக்குற நம்பர்) கேட்டு வாங்கிடுங்க, பழைய ஸ்கூல்ல இருந்து விடுவிக்கலைன்னா புது ஸ்கூல்ல ஏத்த முடியாம அலைய விடுவாங்க.

அரசுப் பள்ளில சேத்தா 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடைக்கும்னு யாராவது சொல்லியிருப்பாங்க. 2020ல மருத்துவத்துக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு. ஆனா ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருக்கணும், உங்க பொண்ணு ஆறும் ஏழும் தனியார்ல முடிச்சாச்சு, அவளுக்கு அது வராது. காலேஜ் போற பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண் திட்டத்துல மாசம் கொடுக்குற ஆயிரம் ரூபாய்க்கும் அதே கணக்கு தான். பையனுக்கு இன்னும் காலம் இருக்கு, அவனை ஆறாவதுக்குள்ள சேத்தா இடஒதுக்கீடு உண்டு. இதை நம்பி மட்டும் ஸ்கூல் தேர்ந்தெடுக்காதீங்க, தெரிஞ்சு வச்சுக்கோங்கன்னு சொல்றேன்.

ஸ்கூலை எப்படிப் பாக்குறதுன்னா, தலைமையாசிரியர் ரூம்ல உக்காந்து பேசினா ஒண்ணும் தெரியாது. காலைல ஒன்பது மணிக்கு கேட்டுக்கிட்ட நில்லுங்க, பிள்ளைங்க எந்த ஊர்ல இருந்து எந்த பஸ்ல வந்து இறங்குறாங்கன்னு பாருங்க, அந்த பஸ்ஸை விட்டா அடுத்தது எத்தனை மணிக்குன்னு கண்டக்டர்கிட்ட கேளுங்க. பெண் பிள்ளைங்க கழிப்பறைல தண்ணி வருதான்னு உங்க மனைவிய போய்ப் பாக்கச் சொல்லுங்க. பதினொண்ணாவதுல கணக்கு, உயிரியல் சேந்த குரூப் இருக்கா, அதுக்கு இயற்பியல் ஆசிரியர் இருக்காரா, பணியிடம் காலியான்னு கேளுங்க. மூணு வருஷம் கழிச்சு அதுக்காக மறுபடி ஊர் மாற முடியாது பாருங்க.

சாரல்_வீடு தங்கச்சி தைரியமா எழுதினதை நானும் சேத்துச் சொல்றேன். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஒரு பையனை கூடப் படிச்ச பசங்களே சாதி வெறில வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினாங்க. அதுக்கப்புறம் தான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வச்சு அரசு குழு போட்டு, கையில சாதியக் காட்டுற கலர் கயிறு கட்டிட்டு வரக்கூடாதுன்னெல்லாம் 2024ல அறிக்கை கொடுத்தாங்க. நான் வகுப்பெடுக்கும்போது ஒவ்வொரு கையா புடிச்சு கயித்தை கழட்ட வச்சிருக்கேன், மறுநாள் மறுபடி கட்டிட்டு வருவான், மறுபடி கழட்டுவேன். கேட்டுக்கிட்ட நிக்கும்போது பிள்ளைங்க மணிக்கட்டையும் பாருங்க. ஆசிரியர்கள் அக்கறையா இருக்குற ஸ்கூல்னா அது அந்தக் கையில தெரிஞ்சுடும்.

உங்க மனைவி டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதியிருக்காங்களா? தேறியிருந்தா எந்த ஊர்லயும் மதிப்பு இருக்கும். கணக்கு எடுக்க ஆள் தேடாத ஸ்கூலே கிடையாது.


கொள்ளிடக்_கரை:

லிஸ்ட்ல டெல்டாவே இல்லையே? கும்பகோணம், மயிலாடுதுறை பக்கமும் பாக்கலாம். சென்னைக்கு நேர் ரயில், ஊரை ஒட்டியே டாக்டர், ஸ்கூல் எல்லாம் இருக்கு, 2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டதால பெரிய ஆலை பயம் கம்மி. ஜூன் 12ல மேட்டூர் திறந்தா தண்ணி வரும். ஆனா வெள்ளத்துக்கு பயந்து வர்ற ஆளுக்கு எங்க ஊரை முழு மனசோட சொல்ல முடியல, 2018 கஜாவுல வேதாரண்யம், பட்டுக்கோட்டைல தென்னை சாஞ்சது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.


மடிப்பாக்கம்_அப்பா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. மூணு நாளா எல்லாத்தையும் மனைவிக்கு படிச்சுக் காட்டினேன், அம்மாவும் உக்காந்து கேட்டாங்க, திரும்பி_வந்தவன் அண்ணன் அப்பா டம்ளர் விஷயம் வந்தப்ப அம்மா எழுந்து உள்ள போய்ட்டாங்க.

தரகருக்கு போன் பண்ணி இப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த இடத்தோட சர்வே நம்பரை வச்சு கிராம வரைபடத்துல பாத்தேன், சாரல்_வீடு சகோதரி சொன்னது தான், குளத்துக்கு நேர் கீழ, ஒரு ஓடை அந்த நம்பரை ஒட்டியே போகுது. ரெண்டு வருஷத்துக்கு எதுவும் வாங்குறது இல்லைன்னு முடிவு பண்ணிட்டோம், வாடகைக்கு மட்டும் தான். கம்பத்தை அம்மாவுக்காக விட்டுட்டேன், மனசு கேக்கல, இருந்தாலும் விட்டுட்டேன். கோபிக்கு சித்திரை கடைசில அஞ்சு நாள் போறோம், வாய்க்கா காஞ்சு இருக்கும்போது. மனைவி டெட் ரெண்டாம் பேப்பர் தேறினவ தான், கோபிலயும் தென்காசிலயும் ஸ்கூல்களுக்கு அவளே எழுதிப் போட ஆரம்பிச்சுட்டா, ரெண்டு வருஷத்துல அவ இவ்வளவு ஆர்வமா ஒண்ணு பண்ணி நான் பாக்கல.

தென்காசிக்கு ஆனி மாசம் வந்து பாக்கணும்னா ஸ்கூல் திறந்துடுமே, அது ஒண்ணு தான் இடிக்குது. இந்த வருஷம் எட்டாவதை இங்கயே ஆரம்பிச்சுட்டு, பாத்துப் பிடிச்சிருந்தா காலாண்டு லீவுல மாத்தலாமா? வாத்தியார் ஐயா, அது தப்பா? சகோதரி, பாவூர்சத்திரம் பக்கம் வாடகை வீடு கிடைக்குமா?


ஓய்வு_வாத்தியார்:

எட்டாவதுல காலாண்டுக்கு அப்புறம் மாத்தலாம் தம்பி, ஒண்ணும் கெட்டுப் போகாது. ஒன்பதாவதுல அதைச் செய்யாதீங்க.


சாரல்_வீடு:

பாவூர்சத்திரத்துல கிடைக்கும் அண்ணாச்சி, ஸ்டேஷன் இருக்கு, காய்கறி மார்க்கெட் இருக்கு, தென்காசி அரை மணி நேரம் தான். ஆடி முதல் வாரம் வாங்க, காத்து அப்ப தான் உச்சத்துல இருக்கும். லாட்ஜ்ல தங்காதீங்க, எங்க தெருவுல ஒரு வீடு மாச வாடகைக்கு காலியா இருக்கு, வீட்டுக்காரங்ககிட்ட பத்து நாளைக்கு பேசிக் கொடுக்கேன், நீங்களே சமைச்சு நீங்களே துணி துவைச்சு காயப் போட்டுப் பாருங்க. அம்மாவுக்கு மாத்திரைச் சீட்டு பழசு எல்லாம் எடுத்துட்டு வாங்க, ஒரு ஸ்வெட்டரும். உங்க வீட்டம்மாவ எனக்கு மெசேஜ் போடச் சொல்லுங்க, எங்க மகள் படிக்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர் மே மாசத்தோட ரிட்டயர் ஆகுதாங்க.